சிப்பாய்ச் சிங்களம்

கல்முனையில் எங்கள் கந்தோர்ப் பிள்ளைகள் மேலதிகாரியை 'லொக்கா' என்றுதான் சொல்வார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு நனைந்த சாக்கு மணக்கும்.

மருதமுனை வீதியில் அப்போது மணல்மூட்டை அடுக்கிய காவலரண் ஒன்று இருந்தது. அண்ணனை நாங்கள் காக்கா என்போம். காக்கா என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். அங்கே இறங்கி உருட்டவேண்டும். சிப்பாய்கள் என் புத்தகப்பையைக் கிளறி முடிக்கும்வரை அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். புத்தகச் சிங்களம் வேறு, அது வேறு. அதிகாரி என்றால் லொக்கா. லீவில்லாமல் முகாமைவிட்டு ஓடியவனைப் 'பெனலா' என்பார்கள், பாய்ந்துவிட்டான் என்று. எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். வகுப்பில் சிங்களத்துக்கு முதல் பிள்ளையும் நான்தான். சந்தர்ப்பம் கிடைத்தால் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

ஒரு காலை, பை பார்க்கும் மெலிந்த சிப்பாயைக் காணவில்லை. மற்றவர்கள் மெதுவாகக் கதைத்தார்கள். கொஞ்சத் தூரம் போனதும் சொன்னேன்.

"காக்கா, அந்த மெலிஞ்சவர் பெனலாவாம். ஓடிட்டார்."

"கேக்கிறெண்டா எப்பிடிக் கேக்க?"

"பெனலாத எண்டு."

"நீதான்கா எங்கட லொக்கா."

அன்று முழுக்க எனக்குத் தலைகால் தெரியவில்லை.

காக்கா யாரைக் கண்டாலும் பகிடி விடுகிறவர். மறுநாள் பையைக் கிளறியவனிடம், தம்பி பாய்ந்துவிட்டானா என்று, சிங்களத்தில் கேட்டார்: "மல்லி பெனலாத?"

கை பைக்குள்ளேயே நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டான் அவன். நாங்கள் எத்தனை பேர் என்றும் எண்ணி வைத்திருக்கிறாயா என்று கேட்டான் இன்னொருவன். காக்காவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

காக்கா என் பக்கம் பார்க்கவே இல்லை.

"ரோட்டுல கேட்ட, சேர்." பிறகு என்னிடம், "நீ போ புள்ள. பெல் அடிக்கப் போகுது."

நான் போனேன்.

மூன்றாம் நாள் வாப்பா பள்ளிவாசல் ஆட்களோடு போய்க் காக்காவை முகாமிலிருந்து கூட்டிவந்தார். அதன்பிறகு காக்காவுக்கு இடது காது கேட்பதில்லை. என்ன நடந்தது என்று அவர் சொன்னதுமில்லை.

உம்மாதான் விடவில்லை. சோறு போடும்போது காக்காவிடம் கேட்பா.

"அந்தச் சொல்ல உனக்கு ஆரு மனே சொல்லித் தந்த?"

"ரோட்டுல கேட்ட, உம்மா."

நான் கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காவலரணைப் பிரித்துவிட்டார்கள். இருந்த இடமும் தெரியாது, வீதிக்குத் தார்க் காப்பற் போட்டாயிற்று. போன நோன்புக்கு முதல் உம்மாவும் மௌத்தாகிவிட்டா. அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் வீட்டில் இனி ஆளில்லை.