இறகுப்புல் பறந்த ஞாயிறு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் இந்தச் சியாகுல்லி மலையூரில் மண்டரின் தோடம்பழ மரத்துக்கு ஒரு நோய் வந்தால் இத்தாலியர்களே என்னைத்தான் தேடி வருவார்கள்.

நான் வேலை செய்யும் வீட்டு முதிய அம்மாவை சிஞ்ஞோரா என்பேன். அவருடைய தோட்டத்துக்கு மேலே கலப்பை படாத கல்லுச் சரிவு ஒன்று இருக்கிறது. இந்த மலையின் பழைய புல்லும் பூவும் மிஞ்சியிருப்பது அங்கேதான். அதிலும் பாதியை இறகுப்புல் தின்றுவிட்டது. பெயர் நான் வைத்தது. அழகுக்கென்று எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட புல், இப்போது தெருவோரமெல்லாம் பஞ்சுக் கதிரோடு நிற்கிறது. அது வேர்விட்ட இடத்தில் வேறொன்றும் தலைதூக்காது.

கோடை முழுவதும் தனியாளாக அதைப் பிடுங்கினேன். மிஞ்சிய பாதியிலிருந்து சிஞ்ஞோரா சேர்த்துவைத்த விதையைப் புரட்டாதியில் தூவினோம். சிறுமியாக இருந்தபோது கண்ட பூக்களை, கண் மூடுவதற்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்.

“அது என் பொறுப்பு” என்று நெஞ்சைத் தட்டினேன்.

அடுத்த ஞாயிறு, என் வேலையைக் காட்டுவதற்காக, மனைவியின் தங்கை குடும்பத்தைப் நகரத்துப் போர்கோ வெக்கியோவிலிருந்து வரச்சொன்னேன்.

“அத்தான், புல்லுப் புடுங்கவோ கடல் தாண்டி வந்தனீங்கள்?” என்று மச்சாள் சிரித்தாள்.

“ஆரும் புடுங்கலாமெண்டால் என்னை ஏன் பிள்ளை கூப்பிடினம்?”

சொல்லிக்கொண்டே திரும்பினேன். அவளுடைய பிள்ளைகள் ஆளுக்கொரு கட்டு இறகுப்புல்லைக் கொடிபோல அசைத்துக்கொண்டு விதைத்த மண்ணுக்குள் ஓடிவந்தார்கள். பின்னால் என் மனைவி, கை நிறைய அதே புல்லோடு.

“எறியுங்கோ! இல்லை, எறியாதேங்கோ!” என்று கத்தினேன்.

“என்னப்பா கத்துறியள்? மாதாவுக்கு வைக்க வடிவாயிருக்குமெண்டு நான்தான் முறிக்கச் சொன்னனான்.”

சூடான தெற்குக் காற்று. விதையோடு பஞ்சு பிரிந்து சரிவெங்கும் பறந்தது. தொப்பியால் அள்ளினேன், கையால் பிடித்தேன். பிள்ளைகள் அதை விளையாட்டென்று நினைத்து என்னோடு துள்ளினார்கள்.

சிஞ்ஞோராவிடம் சொன்னேன். சரிவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “முளைத்ததும் நீ பிடுங்கிவிடுவாய்தானே?” என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன்.

மழை வந்தது. சரிவு முழுவதும் ஊசி ஊசியாகப் பச்சை. முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். நாங்கள் விதைத்த புல்லும் பறந்து வந்ததும் இந்த வயதில் ஒரே முகம். பிடுங்கினால் அவருடையது போகும். விட்டால் மற்றது வேர் இறுகும்.

கீழே கதிரையில் இருந்தபடி அவர் கேட்கிறார்: “எது நம்முடையது?”

“இன்னும் கொஞ்சம் வளரட்டும், சிஞ்ஞோரா” என்கிறேன்.