ஏசா பெக் போடாத ஓட்டு

ஏசா பெக் எங்கள் கட்சிக்காரன். நியூயார்க் மாநிலத்தின் மலைப்பக்கம், எங்கள் ஊரில் பதினாறு பசு வைத்து வெண்ணெய் கடைந்து விற்றவன். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அந்தப் பிடிவாதத்தால் நாட்டுக்கு வந்த ஜனாதிபதியே மாறிப்போனார். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அவனுடைய வேலிக்கு அடுத்த பக்கம் லைமன் ஹாய்ட். நாங்கள் ஜனநாயகக் கட்சி, லைமன் குடியரசுக் கட்சி. ஓட்டுச்சாவடியோ எட்டு மைல் தள்ளி. ஆளுக்கு ஒரு பக்கம் போட்டால் இரண்டும் அடிபட்டுப் போகும், இதற்கு எதற்கு ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொள்வது என்று இருவரும் ஜோடி சேர்ந்துகொண்டார்கள். எங்கள் பக்கம் இது பலரும் செய்வதுதான். வேலிக்கு மேல் கை கொடுத்துக்கொண்டால் போதும், இரண்டு பேருமே ஓட்டுப் போடப் போகமாட்டார்கள். இவர்கள் இப்படியே மூன்று தேர்தலை ஓட்டியிருந்தார்கள். அன்றைக்குச் சேர்ந்து விறகு பிளப்பார்கள்.

1880 நவம்பரிலும் அப்படித்தான் கை கொடுத்துக்கொண்டார்கள். தேர்தலன்று காலையில், நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் படுத்திருந்த லைமன் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கட்சி ஜெயித்து இருபத்துநான்கு வருஷம் ஆகியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் என் நினைவுக்கு வந்தது ஏசாவின் ஓட்டு. வண்டியைப் பூட்டினேன்.

ஏசா கொட்டகையில் லைமனுக்குச் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தான். கட்சி அச்சடித்துக் கொடுத்த ஓட்டுச் சீட்டை அவனிடம் நீட்டினேன்.

"லைமன் போயிட்டான், ஏசா. நீ குடுத்த வாக்கும் அவனோட போச்சு. ஏறு வண்டியில. பொழுது சாயறதுக்குள்ள போட்டுட்டு வந்துடலாம்."

அவன் இழைப்பதை நிறுத்தவில்லை. "லைமன் போடப் போறானா?"

"செத்தவன் எப்படிய்யா போடுவான்?"

"அப்ப நானும் போடல."

கெஞ்சினேன், ஏசினேன், இருபத்துநான்கு வருஷக் கதையையும் சொன்னேன். ஆணிப் பெட்டியை இப்படித் தள்ளு என்றான். தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் மாநிலத்தில் ஜெயிப்பவர்தான் ஜனாதிபதி என்று ஆயிற்று. பத்து நாள் எண்ணினார்கள். மாநிலம் முழுக்க எண்ணி, ஒரே ஒரு ஓட்டில் தோற்றோம். ஏசா போட்டிருந்தால் சமமாகி, சண்டை போடவாவது வழி இருந்திருக்கும். தேர்தலன்று ஓட்டுப் போடாமல் குடித்துவிட்டுக் குப்புறக் கிடந்த எங்கள் ஆட்கள் மூன்று பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாப் பழியும் ஏசா தலையில் விழுந்தது. அவன் வெண்ணெயைக் கடையில் வாங்க மறுத்தார்கள். சர்ச்சில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. நானும்தான் உட்காரவில்லை.

மார்ச்சில் சர்ச் விருந்து. அப்பத்துக்கு மேப்பிள் பாகு ஊற்றிக்கொண்டிருந்த ஏசாவைப் பார்த்து, உன்னால் ஜெயித்த ஜனாதிபதி விருந்துக்குக் கூப்பிடவில்லையா என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். பரிமாறிக்கொண்டிருந்த லைமனின் மனைவி ரோடா, பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"தேர்தல் அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே எங்க கட்சிக்காரங்க வண்டியில மெத்தை போட்டுக்கிட்டு வந்தாங்க. படுத்தபடியே வந்து ஓட்டுப் போடு, ஏசாவுக்குத் தெரியவா போவுதுன்னாங்க. 'ஏசா வீட்லதான் இருப்பான், நானும் இங்கதான் இருப்பேன்'னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அவரு பேசல."

ஏசாவின் கையில் அப்பம் அப்படியே நின்றது. அவனுக்கும் அது புதுச் செய்தி என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவன் பெஞ்சில் உட்கார்ந்தேன்.  இது எதுவும் தெரியாமலா அன்றைக்கு அப்படி அடம்பிடித்தாய் என்று கேட்டேன்.

"இது தெரியாது," என்றான். "லைமனைத் தெரியும்."