யூட்சனின் பதினேழு நிமிடப் பாட்டு

யூட்சன் 1958இல் கொக்கிளாயில் பிறந்தவர். படகு எஞ்சின் திருத்துவது அவருடைய தொழில். நீர்கொழும்பில் அந்த வேலை பழகிய மூன்று ஆண்டுகளில் அங்கிருந்த இசைக்குழு ஒன்றிடம் கிற்றாரும் பழகிக்கொண்டார். அவர்கள் வாசித்தவை நீண்ட றொக் பாட்டுகள். ஒரு பாட்டுக் கால்மணி நேரம் ஓடும். நடுவில் தாளம் மாறும், அடங்கும், திடீரென்று வெடித்துக் கிளம்பும்!

1984இல் அவரும் மனைவி கலிஸ்ராவும் போரால் இடம்பெயர்ந்த ஊர்ச்சனத்தோடு படகில் முல்லைத்தீவுக்கு வந்தார்கள். அந்தப் பயணத்தை யூட்சன் தமிழில் றொக் பாட்டாக்கினார். எஞ்சின் கிளம்புவதில் தொடங்கும். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடும். அலை மட்டும் கேட்கும். பிறகு கரை தெரியும். மொத்தம் பதினேழு நிமிடம்.

தொண்ணூறுகளில் முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்கு மின்சாரமில்லை, போரால் பற்றரிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதித்து, டைனமோவில்தான் கசற்றில் பாட்டுக் கேட்டோம். மிதிப்பவர் களைத்தால் பாடகியின் குரல் எருமைக் குரலாகிவிடும். அதனால் கரையில் தானாக ஒரு சட்டம் வந்தது: மிதிப்பவர் கேட்பதே பாட்டு.

பழைய றேடியோவின் உள்ளுறுப்புகள், புனல் ஒலிபெருக்கி, சைக்கிளின் பின்சில்லில் இரண்டு டைனமோ. இவற்றால் யூட்சன் தம் கிற்றாரையும் பேசவைத்தார். 1992 தேவாலயப் பெருநாளில் எல்லோரும் பாட்டை முழுதாகக் கேட்டார்கள். பிறகு வேகமான சினிமாப் பாட்டுகள் வந்தன. மூன்று நிமிடத்துக்கு மேல் மிதிக்க ஆளில்லை. ஐந்து பெருநாள் அந்தப் பாட்டு மேடையேறவில்லை.

1998 பெருநாளுக்கு முதல்நாள் யூட்சன் மறுபடி ஆள் தேடினார்.

"யூட்சண்ணை, உங்கட பாட்டு முடியேக்க நான் கிழவனாயிடுவன்," என்றான் வலைக்காரப் பொடியன் றொமேஸ்.

"இப்ப மட்டும் உனக்கு ஆர் பொம்பிளை தரப்போகினம்?"

கலிஸ்ராவும் விடவில்லை. "இஞ்சேருங்கோ, நாலு நிமிசமா வெட்டினால் என்ன?"

"எஞ்சின் நிண்டாப் பிறகு கரைக்கு வந்ததெல்லோ பாட்டு. எதை வெட்டுறது?"

"அப்ப ஆளைத் தேடுங்கோ. என்னைப் பாக்காதேங்கோ."

றொமேஸ் சிரித்தான். "சரியண்ணை, நான் மிதிக்கிறன். முழுக்க."

யூன் 13, சனிக்கிழமை மாலை. கோயில் முற்றம் நிறைந்திருந்தது. நான் முன்வரிசையில் இருந்தேன். றொமேஸ் மிதித்தான், கிற்றார் உறுமியது. அது எஞ்சினேதான்! சிறுவர்கள் துள்ளினார்கள். தாளம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. நாலாவது நிமிடத்தில் றொமேஸ் கூட்டாளிகளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் காலை எடுத்தான். ஒலி செத்தது.

ஆனால் எவரும் சிரிக்கவில்லை. கொக்கிளாய்ச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாட்டில் வரும் எஞ்சின்தான் நின்றுவிட்டது என்றே நினைத்தார்கள்! யூட்சனின் விரல்கள் கேளாத கம்பிகளில் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டில் எஞ்சின் நிற்கும் இடம் இன்னும் வரவில்லை என்பது கலிஸ்ராவுக்கு மட்டுமே தெரியும்.

"இறங்கடா!"

பெண்கள் பக்கமிருந்து பாய்ந்து வந்த கலிஸ்ரா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். அந்தக் கோபத்தில் மிதித்த மிதியில் ஒலிபெருக்கி அலறியது! சனம் எழுந்து ஆர்ப்பரித்தது. எஞ்சின் மறுபடி ஓடியது. பாட்டில் நிற்கவேண்டிய இடத்தில் சரியாக நின்றது. மெல்லிய அலையோசை வந்தபோதும் ஒருவரும் எழுந்து போகவில்லை. கரை தெரிந்ததும் கிற்றார் வெடித்தது. கலிஸ்ராவின் முகமெல்லாம் வியர்வை.

றொமேஸ் ஓடிவந்தான். "அக்கா, இறங்குங்கோ. கடைசித் துண்டை எனக்குத் தாங்கோ!"

"போடா. நீ உன்ர பாட்டுக்கு மிதி."

இறங்கவே இல்லை. பதினேழாவது நிமிடம்வரை பாட்டு ஒலித்தது.

கைதட்டல் ஓயுமுன் சினிமாப் பாட்டுக் கேட்டுக் கூச்சல் எழுந்தது. யூட்சன் சிரித்துக்கொண்டே கம்பிகளை முறுக்கினார்.

"ஏறு றொமேஸ். என்ன பாட்டு வேணும்?"