முகுரேயின் கைக்குள் விழுந்தது

தவளை என்றாலே முகுரேக்குக் குமட்டும். சேப்பங்கிழங்குச் சேற்றில் பிழைக்கிற எங்கள் கிக்குயுப் பெண்களில் யாருக்குத்தான் அந்தச் சனியனைப் பிடிக்கும்? ஆனாலும் என் பக்கத்து வீட்டுக்காரி அதில் ஒரு படி மேலே. காலில் ஒன்று குதித்தால் தோல் உரியச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள்.

புருஷன் செத்த பிறகு அந்தச் சேற்று வயல்தான் அவளுக்குச் சோறு போட்டது. அதன்மேல், ஓடைக்கரை நிலத்தைப் பங்கிடும் ஓடைச் சங்கத்தின் தலைவன் கிபுய்க்குக் கண். தைலமரம் நட்டுக் காசு பார்க்கத் துடித்தான். தைலமரம் வந்தால் சேறு காயும், கிழங்கு சாகும். அவனுக்குத் தெரியாதா என்ன!

அப்போதுதான் தவளைகளைப் பற்றிப் படித்த நெகேசா நைரோபியிலிருந்து ஒரு தவளைப் படத்தோடு வந்தாள்.

"இந்த நாணல் தவளையை முன்னே வேற இனத்தோட சேர்த்து எண்ணினவங்க உண்டும்மா. இது தனி இனம். நம்ம குளிர் மேட்டுல மட்டும்தான் இருக்கு. வரைபடத்துல இது வாழுற இடத்தோட எல்லைக்கோடு அதோ அந்த மலையோட நின்னுபோச்சு. இங்கே ஒண்ணு கிடைச்சா அதிகாரிங்க மரம் நட விடமாட்டாங்க."

நாணல் முழுக்க விலக்கித் தேடினோம். ஒன்றும் இல்லை. கிபுய் கரையில் நின்று பல் குத்திக்கொண்டே, "என்ன முகுரே, மாப்பிள்ளை அகப்பட்டானா?" என்றான். நான் காறித் துப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் மரம் நடுவது பற்றிக் கூட்டம். அன்று காலை முகுரே சமையலுக்குக் கிழங்கு எடுக்க இறங்கினாள். கிழங்கை அறுத்துக்கொண்டு தண்டை அதே குழியில் திரும்ப நடுவது எங்கள் வழக்கம். தண்டைத் தூக்கியபோது இலை மடிப்பிலிருந்து சில்லென்று ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அலறினாள். ஆனால் உதறவில்லை, விரல்களை மூடிக்கொண்டாள்.

மேடேறும்போது அது கைக்குள்ளேயே மூத்திரம் விட்டது. வழியில் வாந்தி எடுத்தாள். அப்படியும் கூட்டத்தின் நடுவில் போய்த்தான் கையைத் திறந்தாள்.

"அதேதாம்மா! கோடு இங்கே வந்தாச்சு!" என்று நெகேசா குதித்தாள். கிபுய் முகம் செத்துப்போனது.

தைலமரம் வரவில்லை. அடுத்த மழைக்குமுன் அதிகாரிகள் வந்து வயலைச் சுற்றி முள்கம்பி அடித்தார்கள். தவளை வாழும் சேற்றில் யாரும் இறங்கக்கூடாதாம், கிழங்கும் தோண்டக்கூடாதாம்.

"நான் இப்படிச் செய்யச் சொல்லலையேம்மா" என்று நெகேசா அழுதாள். அந்த அழுகைகூட எனக்கு அருவருப்பாக இருந்தது.

முகுரே கம்பிக்கு வெளியே நின்றாள். உள்ளே அவளுடைய கிழங்கு இலையில் அது உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

"அன்னைக்கே உதறியிருக்கணும்டி" என்றாள்.