காதில் பீடி செருகிய படகுக்காரர்

காதுக்கு மேல் எப்போதும் ஒரு பீடி செருகியிருப்பார். பற்றவைத்து நான் பார்த்ததில்லை. எண்பதுகளில் என் பொம்மை விமானம் பழவேற்காடு ஏரியில் விழுந்தபோது, படகைக் கழியால் தள்ளிப்போய் எடுத்துவந்தவர் அவர்தான்.

விமானத்தைக் கீழிருந்து இயக்கும் என் பழைய ரேடியோ செட்டில் ஒரே பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் இடது, மறுதடவை வலது; விமானம் குடிகாரன் மாதிரி திரும்பும். புது செட்டில் குச்சியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுதான் திரும்பும். நண்பனும் அதையே வாங்கியிருந்தான். இரண்டுக்கும் ஒரே அலைவரிசை என்பதைக் கவனிக்காமல் அவன் தன் செட்டைப் போட, பறந்துகொண்டிருந்த என் விமானம் தலைகுப்புறப் போய்விட்டது.

விவரம் கேட்டுப் படகுக்காரர் சிரித்தார். “இன்னாபா, ஒரே எடத்துல ரெண்டு பேரு வலை போடலாமா? நாங்க சீட்டு குலுக்கி பாடு வுட்டுக்குவோம். இன்னிக்கு உனுக்கு, நாளிக்கு எனுக்குனு. உங்களுக்கு அதுகூட இல்லியா?”

பீடியை எடுத்து என் கையில் வைத்தார். “இத்த வச்சிருக்கறவன் மட்டும் செட்டைப் போடு.”

விமானத்தை வெயிலில் காயவைத்து, சாயங்காலம்வரை பீடியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பறக்கவிட்டோம். கிளம்பும்போது பீடியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் காதில் செருகியவர் நகரவில்லை, கையை நீட்டினார்.

“இப்ப என் பாடு. செட்டைக் குடு.”

புது செட். ஆனால் பீடி அவரிடம் அல்லவா இருந்தது!