என் கேக்கை அவர் புகழ்ந்த காலை

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம். முதல் பிளம் கேக்கை இன்று காலை ஓவனிலிருந்து எடுத்தேன். நாயுடுபுரத்தில் அப்போதும் மூடுபனி விலகவில்லை.

ஒரு துண்டை என் கணவரிடம் நீட்டினேன்.

ஞாபகமறதி நோய் வந்து இரண்டு வருடமாகிறது அவருக்கு. நேற்றுவரை என்னை மட்டும் தெரிந்திருந்தது.

மென்றபடியே சொன்னார்: "நல்லாத்தான் இருக்குங்க. ஆனா எங்க வீட்டுக்காரி செய்யிற கேக்குக்கு ஈடாகாது."

"அவங்க எங்கங்க?" என்று கேட்டேன்.

"சர்ச்சுக்குப் போயிருக்கா. வெரசா வந்துருவா. அவளுக்கும் ஒரு துண்டு வைங்க."

தட்டில் ஒரு துண்டை எடுத்து வைத்துவிட்டு, அடுப்படிக்குள் நின்று அழுதேன்.

முப்பது வருடமாக என் கேக்கை ஒருநாளும் புகழாத மனிதர். உங்கள் வீட்டுக்காரர்களாவது நேரில் சொல்கிறார்களா?