அசெம்பிளி பாயிண்ட் புல் மேலே

விமான நிறுவனத்தின் பணிப்பெண் வேலை அறிவிப்பு இப்படி இருந்தது: "மென்மையான குரலும் மாறாத புன்னகையும் விருந்தோம்பலில் இயல்பான நாட்டமும் உள்ள பெண்கள் விண்ணப்பிக்கலாம்." மத்தூர் பெருமாள் மகள் மாதேஸ்வரிக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. ஓசூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் மூன்று வருஷம் நின்றவள். அங்கே மென்மையாகப் பேசியவர்கள் என்ன பேசினார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எப்படியோ தேர்வாகிவிட்டாள். பயிற்சியில் ஆசிரியை ரேவதி அவளைப் பற்றி எழுதிய குறிப்பு: "குரல் அதிகம். நளினம் போதாது." அதே ரேவதிதான், அவசர ஒத்திகையின்போது மற்றவர்களிடம், "என்னம்மா முனகறீங்க, மாதேஸ்வரி மாதிரி கத்துங்க" என்றார். புன்னகைக்காக வேலைக்கு எடுத்துவிட்டு, கத்தத் தெரியுமா என்று பரீட்சை வைக்கிறார்கள். கத்தலுக்கும் விதி உண்டு. கையேட்டிலுள்ள ஆங்கிலக் கட்டளைகள் மட்டும்தான். ஒரு சொல் கூடக் கூட்டக்கூடாது.

போன ஆடியில், புனேயிலிருந்து வந்த விமானம் பெங்களூரில் இறங்கி நின்றபோது இடது எஞ்சின் எரிந்துகொண்டிருந்தது. எல்லாரையும் வெளியேற்றச் சொல்லி கேப்டன் உத்தரவிட்டார். பின்பக்க வலது கதவு மாதேஸ்வரியின் பொறுப்பு. விதிப்படி முதலில் கண்ணாடி வழியே பார்த்தாள். வெளியே புல், தீ இல்லை. கதவைத் திறந்தாள். சறுக்குப் பாதை காற்று நிரம்பி விரிந்தது. கையேட்டின்படி கத்தினாள்.

ஒருவரும் வரவில்லை.

கடைசி வரிசைகளில் இருந்தவர்கள் ஓசூர்த் தொழிலாளர்கள், பயிற்சி முடித்துத் திரும்புகிறவர்கள். நடைபாதையை அடைத்து வெகு ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். கதவருகே சூப்பர்வைசர் ராஜசேகர் தலை எண்ணிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் புகை, இருமல், கன்னடத்தில் வசவு.

"ஒரு நிமிஷம் மேடம். முப்பத்தொண்ணு வரணும், இருபத்தெட்டுதான் நிக்கிது."

மாதேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. அவளும் இந்த வரிசையில் நின்றவள்தான். தொழிற்சாலைத் தீ ஒத்திகையில் வெளியே போய், எல்லாரும் கூடி நிற்க வேண்டிய அசெம்பிளி பாயிண்டில்தான் எண்ண வேண்டும். அங்கே சேஃப்டி ஆபீசர் முன்னால் ஆள் குறைந்தால் மானம் போகும் என்று சூப்பர்வைசர்கள் உள்ளேயே ஒரு தடவை எண்ணிக்கொள்வார்கள். குறைகிற மூன்று பேருக்கு முன்வரிசையில் இடம்; ஏறும்போதே பார்த்திருந்தாள். இந்நேரம் முன்கதவு வழியே இறங்கியிருப்பார்கள். கணக்கு சேரப்போவதில்லை. சேராமல் ராஜசேகர் நகரப்போவதுமில்லை.

"யோவ் சூப்பர்வைசரு, அசெம்பிளி பாயிண்ட் கீழ இருக்குய்யா, புல்லு மேல. அங்க போயி எண்ணு. மொத ஆளா நீ எறங்கு."

ராஜசேகர் இறங்கினார். வரிசையும் அதே ஒழுங்கோடு அவர் பின்னால் சறுக்கியது. கீழே போனதும் அவர் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை முப்பத்தொன்று சேர்ந்தது.

விசாரணையில், கையேட்டில் இல்லாத சொற்களை ஏன் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார்கள்.

"அவங்க கையேடு படிக்கலைங்க சார்" என்றாள்.

அன்று மாதேஸ்வரி தன் கதவு வழியாக நாற்பத்தேழு பேரை இறக்கினாள். பின்வரிசைகளில் யாரும் மிச்சமில்லை என்று குனிந்து பார்த்துவிட்டு, கடைசியாகத் தானும் இறங்கினாள்.